கோல் போஸ்ட்டில் நிற்கும் பையனுக்கு யார் கற்றுத்தருவது? பீட்டர் தங்கராஜ் காட்டிய வழி!

சங்கரன்கோவில் என்றதும் ஆடித்தபசு, விசைத்தறி, பிரியாணி என்று வரிசையாக ஞாபகத்துக்கு வரும். கால்பந்து வராது. ஆனாலும் மற்ற ஊர்களைப் போல இங்கேயும் சாயங்கால நேரத்தில் மைதானத்தில் பந்து உருளத்தான் செய்கிறது. டீம் பிரிக்கும்போது ஒரு சண்டையும் நிச்சயம் வரும்... ‘யாருடா கோல்கீப்பர்?’

யாரும் கை தூக்க மாட்டார்கள். கடைசியில், வேகமாக ஓட முடியாதவனையோ புதிதாக வந்தவனையோ கோல் போஸ்ட்டில் நிறுத்திவிடுவார்கள். பந்தைப் பிடித்தால் ‘அது அவன் வேலை’ என்பார்கள். விட்டால், அன்று முழுக்கத் திட்டுதான். எப்படி நிற்க வேண்டும், எப்படி விழ வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள்.

அப்படி நிற்கும் ஒவ்வொரு பையனும் பெண்ணும் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர், பீட்டர் தங்கராஜ்.

கோல் அடிக்க வந்தவர்!

2024-ல் வெளியான ‘மைதான்’ இந்திப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் ஞாபகம் இருக்கலாம். பயிற்சியாளர் ரஹீமின் அணியில் இருந்த உயரமான கோல்கீப்பர்தான் தங்கராஜ்.

பெயர் தமிழ், பிறந்தது ஹைதராபாத்தில், 1935-ல். செகந்திராபாத் கிளப்களில் ஆடத் தொடங்கி, 1953-ல் ராணுவத்தில் சேர்ந்தார். நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணியில் இடம் கிடைத்தது. ஆச்சர்யம் என்னவென்றால், அங்கே அவர் சென்டர் ஃபார்வர்டு. அதாவது, கோல் அடிக்கும் ஆள்! பிறகுதான் கோல்கீப்பராக மாறினார். அந்த மாற்றம் அவர் வாழ்க்கையையே திருப்பிப்போட்டது.

1955, 1958 என இரண்டு முறை டியூராண்ட் கோப்பையை வென்றது அந்த ராணுவ அணி. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் 4-ம் இடம் பிடித்த இந்திய அணியிலும், 1960 ரோம் ஒலிம்பிக் அணியிலும் தங்கராஜ் இருந்தார். 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பராகத் தேர்வானார். கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்களான முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் அணிகளுக்கும் ஆடினார். 1967-ல் அர்ஜுனா விருதும் கிடைத்தது.

காய்ச்சலோடு ஒரு ஃபைனல்

அவர் வாழ்க்கையின் பெரிய நாள், 1962 செப்டம்பர் 4. ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்து இறுதி ஆட்டம். எதிரணி, தென் கொரியா. அரசியல் சர்ச்சை ஒன்றால் கோபத்தில் இருந்த ரசிகர்கள், இந்திய வீரர்கள் பந்தைத் தொட்டாலே கூச்சல் போட்டார்கள்.

தொடரின் முந்தைய ஆட்டங்களில் பிரத்யுத் பர்மன் கோல்கீப்பராக நின்றிருந்தார். காய்ச்சலில் படுத்திருந்த தங்கராஜ், ஃபைனலுக்கு எழுந்து வந்தார். பி.கே.பானர்ஜியும், தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங்கும் முதல் 20 நிமிடங்களில் ஆளுக்கொரு கோல் அடித்தார்கள். அதன் பிறகு மீதி நேரம் முழுக்க அந்த முன்னிலையைக் காப்பாற்ற வேண்டிய வேலை. கடைசி நேரத்தில் கொரியா ஒரு கோல் திருப்பியது. அவ்வளவுதான். 2-1. தங்கம்! ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப் பிறகு இந்தியாவுக்கு இன்றுவரை தங்கம் இல்லை.

கல்லூரி மைதானத்தில் இரண்டாவது இன்னிங்ஸ்

1971-ல் ஓய்வுபெற்ற தங்கராஜ் அடுத்து போன இடம், ஒரு பல்கலைக்கழகம். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் விளையாடிக்கொண்டே பயிற்சியும் கொடுப்பதுதான் அவர் ஏற்ற முதல் கோச் பணி. பின்னர் பொகாரோ உருக்காலையின் விளையாட்டு அகாடமிக்குத் தலைமை ஏற்றார். ஒலிம்பிக்கில் ஆடிய மனிதர், கடைசிவரை இளம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதையே தன் வேலையாக வைத்துக்கொண்டார். 2008 நவம்பர் 24-ல் காலமானார்.

கோப்பைகளைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்தப் பகுதியை யாரும் பேசுவதில்லை. ஆனால், நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தேவைப்படுவது இதுதான்.

இன்று இது ஒரு தனி வேலை!

அமெரிக்கக் கல்லூரிகளில் துணைப் பயிற்சியாளர் ஒருவரே கோல்கீப்பர் பயிற்சியையும் கவனித்துக்கொள்வது சாதாரணம். அது சம்பளத்தோடு கூடிய முறையான பணி. நம் நாட்டிலும் ஐ.எஸ்.எல். அணிகளில் கோல்கீப்பர்களுக்கெனத் தனி கோச் உண்டு. ஆனால், சிறு நகரக் கல்லூரிகளில் கபடி, வாலிபால், தடகளம், கால்பந்து எல்லாவற்றையும் பெரும்பாலும் ஒரே உடற்கல்வி இயக்குநர்தான் பார்க்க வேண்டும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. 22 பேர் ஓடும் மைதானத்தில் கோல்கீப்பருக்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்க அவரால் எப்படி முடியும்?

ஆனால் தேவை கூடிக்கொண்டே போகிறது. தன் அணி வீரர் வேண்டுமென்றே காலால் தள்ளிவிடும் பந்தை கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992-ல் வந்தது. அன்றிலிருந்து கோல்கீப்பருக்குக் கால் வேலையும் அத்தியாவசியமாகிவிட்டது. இப்போது பந்தை 8 விநாடிகளுக்கு மேல் கையில் வைத்திருந்தால், எதிரணிக்கு கார்னர் கிக்!

கோல்கீப்பராக ஆடிய அனுபவம் உள்ளவர்களுக்கு இங்கே ஒரு வாய்ப்பு இருக்கிறது. அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பின் ‘டி’ லைசென்ஸில் தொடங்கி, படிப்படியாக மேலே போகலாம். கோல்கீப்பர் பயிற்சியாளர்களுக்கென்றே தனி லைசென்ஸும் இருக்கிறது. கல்லூரி வேலைதான் இலக்கு என்றால், பி.பி.எட்., எம்.பி.எட். படிப்புகள் அவசியம். சென்னை அருகே மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இதற்கென்றே இருக்கிறது.

ஒரு கொடிக்கயிறு போதும்

அதுவரை? ஒரு எளிய பயிற்சியை இன்று சாயங்காலமே செய்துபார்க்கலாம். கோல் போஸ்ட்டின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். இரண்டு கம்பங்களிலும் ஆளுக்கொரு கயிறு கட்டி, இரண்டு முனைகளையும் பந்து இருக்கும் இடத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள். கோல்கீப்பர் கோட்டிலேயே நின்றால், இரண்டு பக்கமும் பெரிய இடைவெளி தெரியும். பந்தை நோக்கி நாலு அடி முன்னால் வந்தால், அதே இடைவெளி கண்ணெதிரே சுருங்கும். தலைக்கு மேல் தூக்கிப்போடும் பந்துக்கு மட்டும் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும்.

வீட்டுக் கொடிக்கயிறே போதும். ஆனால் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ‘இன்னும் ஓரடி முன்னாடி வா தம்பி’ என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஒரு காலத்தில் கோல்கீப்பராக நின்று திட்டு வாங்கிய அண்ணன், அக்கா யாராவது உங்கள் தெருவில் இருந்தால், முதலில் இந்தக் கட்டுரையை அவருக்கு அனுப்புங்கள்!