ஒரே முகவரி, இரண்டு முறை

நெட்வொர்க் பாக்கெட்டுக்குள் ஐபி முகவரி புள்ளி வைத்த எண்ணாக இருப்பதில்லை. வெறும் 32 பிட், அதாவது நான்கு பைட். 11000000 10101000 00000001 00001010 என்பதை எட்டு எட்டாக வெட்டி ஒவ்வொன்றையும் தசமமாக்கினால் 192.168.1.10. காகிதத்தில் பள்ளிக்கூடப் பையனே போட்டுவிடுவான். புரோகிராமில்தான் வம்பு.

முதல் வம்பு பைட் வரிசை. நெட்வொர்க்கில் பெரிய பைட் முதலில் வரும், இன்டெல் சிப்பில் சின்னது முதலில். நான்கு பைட்டையும் அப்படியே ஒரு இன்டிஜரில் போட்டு மேலிருந்து ஷிஃப்ட் செய்தால் 10.1.168.192 என்று தலைகீழாக வரும். பைட் பைட்டாகப் படித்தால் அது இல்லை. ஆனால் அன்சைன்ட் கேரக்டராகப் படிக்கணும், இல்லாவிட்டால் 192 என்பது -64 ஆகிவிடும். இதெல்லாம் பார்த்தவுடனே தெரிகிற தப்புகள்.

என்னை மாட்டிவிட்டது வேறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாக்கெட் லாக் எழுதும் சி புரோகிராம் ஒன்று என் கைக்கு வந்தது. அனுப்பும் முகவரி, பெறும் முகவரி இரண்டையும் ஒரே பிரிண்ட்எஃப் வரியில், ஐநெட்_என்டோஏ ஃபங்ஷனை இரண்டு தடவை கூப்பிட்டு அச்சடித்தேன். என் மெஷினிலேயே டெஸ்ட் செய்தேன். இரண்டும் 127.0.0.1. சரிதானே!

வாடிக்கையாளர் இடத்தில் ஓடவிட்டால் எல்லா வரியிலும் இரண்டு முகவரியும் ஒன்றே. 1997-இல் வெளியான லேண்ட் தாக்குதல் ஞாபகம் வந்தது: இரண்டு முகவரியும் ஒன்றாகப் போட்ட போலி பாக்கெட்டை அனுப்பி மெஷினைத் தொங்கவைக்கிற வித்தை. ராத்திரி பதினோரு மணிக்கு மேனேஜருக்கு போன் போட்டு, "சார், அட்டாக் நடக்குது" என்றேன். அங்கே ஒரு சர்வரின் கேபிளையே பிடுங்கிவிட்டார்கள். விடிகாலையில்தான் புரிந்தது, தாக்கியது நான்தான் என்று.

அந்த ஃபங்ஷன் 1983-இல் 4.2 பிஎஸ்டி காலத்தில் வந்தது. விடையைத் தன்னிடம் உள்ள ஒரே ஒரு ஸ்டாடிக் பஃபரில் எழுதி, அதன் பாயின்டரை மட்டும் தரும். ஒரே சிலேட்டு மாதிரி. பிரிண்ட்எஃப் படிக்க ஆரம்பிக்கும் முன்பே இரண்டாவது அழைப்பு முதல் விடையை அழித்து எழுதிவிடுகிறது. எது மிஞ்சும் என்பது கம்பைலர் எந்த அழைப்பை முதலில் செய்கிறது என்பதைப் பொறுத்தது. இன்றைய ஜிலிப்சியில் த்ரெட்டுக்கு ஒரு பஃபர் உண்டு. ஆனால் ஒரே த்ரெட்டில் இரண்டு தடவை கூப்பிட்டால் அதே கதைதான்.

ஐநெட்_என்டாப் பயன்படுத்துங்கள். அதற்கு பஃபரை நாம் கொடுக்கணும், இரண்டு முகவரிக்கு இரண்டு. ஒவ்வொன்றும் 16 பைட்: 255.255.255.255-க்கு 15 எழுத்து, கடைசியில் ஒரு பூஜ்யம்.

திருத்தும்போது இன்னொரு அதிபுத்திசாலித்தனமும் செய்தேன். லாக் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று முன்னால் பூஜ்யம் போட்டு 192.168.001.010 என்று அச்சடித்தேன். ஐநெட்_ஏடான் பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை எண்மமாகப் படிக்கும். அதை ஒருவர் காப்பி செய்து பிங் அடித்தார், போனது 192.168.1.8-க்கு. இப்போதெல்லாம் பின்னால் ஸ்பேஸ் விட்டுத்தான் நிரப்புகிறேன்.