‘சதுர அடி என்ன ரேட்?’

வீடு வாங்கக் கிளம்புகிறவர்கள் புரோக்கரிடம் முதலில் கேட்பது இதைத்தான். பெருங்குடியில் இவ்வளவு, மேடவாக்கத்தில் இவ்வளவு, கோவை சரவணம்பட்டியில் இவ்வளவு என்று எழுதிவைத்து, குறைந்த ரேட்டை டிக் அடித்துவிடுகிறோம். ஆனால், ஒவ்வொரு இடத்திலும் அந்தச் சதுர அடிக்குள் இருக்கும் சரக்கு வேறு.

மனை என்றால் சிக்கல் குறைவு. சென்னையில் கிரவுண்ட், கோவையில் சென்ட், ஐதராபாத்தில் சதுர கஜம். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6, ஒரு சதுர கஜம் 9. வகுத்துப் பார்த்தால் ஒப்பிட்டுவிடலாம். அடுக்குமாடியில்தான் கணக்கு உதைக்கும்.

எது மலிவு?

உதாரணத்துக்கு இரண்டு ஃபிளாட்கள். முதலாவது, கட்டிக்கொண்டிருக்கும் உயர்மாடி வளாகத்தில் 1,000 சதுர அடி. ரேட் 6,500 ரூபாய். விலை 65 லட்சம். இரண்டாவது, கட்டி முடித்த சின்ன அபார்ட்மென்ட்டில் 900 சதுர அடி, ரேட் 7,200, விலை 64.80 லட்சம். முதலாவது மலிவாகத் தெரிகிறது. லிஃப்ட், படிக்கட்டு, கிளப் ஹவுஸ் பங்கையெல்லாம் கழித்து, வீட்டுக்குள் புழங்கும் கார்ப்பெட் ஏரியாவைப் பாருங்கள். முதலாவதில் 680, இரண்டாவதில் 720 என்றால், உண்மையான ரேட் முறையே சுமார் 9,560, 9,000!

கட்டுமானத்தில் இருக்கும் 65 லட்ச ரூபாய் வீட்டுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி., அதாவது 3.25 லட்சம் கூடுதல். பணி நிறைவுச் சான்று பெற்றபின் விற்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. 2016-ம் ஆண்டின் ரெரா சட்டப்படி, கார்ப்பெட் ஏரியாவைச் சொல்லித்தான் பில்டர் விற்க வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

மண்ணில் உங்கள் பங்கு

அடுத்தது யூ.டி.எஸ். எனப்படும் பிரிக்கப்படாத நிலப் பங்கு. மனைப் பரப்பைப்போல் இரு மடங்கு கட்டினால், 1,000 சதுர அடி வீட்டுக்கு சுமார் 500 சதுர அடி நிலம் சேரும். மூன்றே கால் மடங்கு கட்டினால் 300 சொச்சம்தான். மயிலாப்பூரிலும் அடையாறிலும் பெயின்ட் உதிர்ந்த பழைய ஃபிளாட்டுக்கு அந்த விலை சொல்வது எதற்கு? சுவருக்கு அல்ல, யூ.டி.எஸ்ஸுக்கு. இடித்துக் கட்டும்போது பேரம் அதை வைத்துத்தான் நடக்கும். தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டம் வந்தபின், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே மறுகட்டுமானம் செய்யலாம்.

வெளிமாநிலத்தில் பார்ப்பவர்கள் பத்திரச் செலவையும் சேர்க்க வேண்டும். தமிழகத்தில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என மொத்தம் 9 சதவீதம், கேரளத்தில் 10. பதிவுத்துறை இணையதளத்தில் தெருவாரியாகக் கிடைக்கும் வழிகாட்டி மதிப்பு, பத்திரச் செலவைக் கணக்கிட உதவும். சந்தை நிலவரம் அதிலிருந்து வெகுதூரம் விலகியிருக்கலாம்.

வாடகை சொல்லும் சேதி

நிலவரத்தை அறிய, அதே தெருவில் அதே அளவு வீட்டின் வாடகையை விசாரியுங்கள். 65 லட்ச ரூபாய் வீட்டுக்கு மாதம் 18,000 கிடைத்தால், ஆண்டுக்கு 2.16 லட்சம்; விலையில் 3.3 சதவீதம். இன்னொரு ஏரியாவில் அதே விலைக்கு 12,000தான் என்றால், வரப்போகும் மெட்ரோவுக்கும் ஐ.டி. பார்க்குக்கும் சேர்த்து இப்போதே விலை சொல்கிறார்கள் என்று அர்த்தம். குடியிருக்க வாங்குகிறவர், அந்த எதிர்பார்ப்புக்கும் இ.எம்.ஐ. கட்ட வேண்டுமா என்று யோசித்துவிட்டு அட்வான்ஸ் கொடுப்பது நல்லது.