பச்சை குத்திய கைகள்: ஓரிக்கை முதல் ஒகினாவா வரை

காஞ்சிபுரத்தை ஒட்டி, பாலாற்றுப் பக்கம் இருக்கிறது ஓரிக்கை. இங்கே தறி வீடுகளில் ராட்டை முன் உட்கார்ந்து தார் சுற்றும் பாட்டிமார்களின் கையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முன்கையில் புள்ளி வைத்து வளைத்த சிக்குக் கோலம் இருக்கும். மணிக்கட்டருகே ஒரு தேள், புறங்கையில் மூன்று புள்ளி, சிலருக்கு நெற்றியில் அழியாத பொட்டு. அதே வீட்டுப் பேரன் பேத்திகளும் இப்போது பச்சை குத்திக்கொள்கிறார்கள். அவர்கள் டாட்டூ கடையில் கேட்டு வாங்குவது பெரும்பாலும் டிராகன், கெண்டை மீன், செர்ரிப் பூ என ஜப்பான் பாணிப் படங்கள்.

பேரன் முதுகில் இருக்கும் டிராகனின் வரலாறு உலகம் முழுக்க எழுதப்பட்டிருக்கிறது. பாட்டி கையில் இருக்கும் கோலத்தின் கதையை எழுதியவர்கள் மிகச் சிலரே. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்த இரண்டு மரபுகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது புரியும்.

விளக்குப் புகையில் பிறந்த மை

தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகப் பச்சை குத்தியவர்கள் குறவர் சமூகப் பெண்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1906-இல் வெளிவந்த தமது இனவரைவியல் குறிப்பு நூலில் அவர்களின் செய்முறையைப் பதிவு செய்திருக்கிறார். மஞ்சள் பொடியையும் அகத்திக் கீரையையும் சேர்த்து விழுதாக அரைப்பார்கள். அதை மெல்லிய துணியில் தடவித் திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெய் ஊற்றிய அகலில் ஏற்றுவார்கள். சுடருக்கு மேலே புதுச் சட்டியைக் கவிழ்த்தால் உட்புறம் கரி படியும். அந்தக் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலில் குழைத்தால் மை தயார். மூன்று நான்கு தையல் ஊசிகளை நூலால் கட்டினால் அதுதான் கருவி. ஒரு புள்ளிக்கோ கோட்டுக்கோ காலணா, சிக்கலான படத்துக்குப் பன்னிரண்டு அணா வரை கூலி. வலி தெரியாமல் இருக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே குத்துவார்கள்.

கறுப்புக் கரி எப்படிப் பச்சையாகிறது? ஊசி மேல்தோலைத் தாண்டி அடித்தோல் வரை மையைக் கொண்டுபோகிறது. அங்கே உடலின் காவல் அணுக்கள் கரித்துகளை விழுங்குகின்றன. ஆனால் அவற்றால் அதைச் செரிக்க முடியாது, அப்படியே வைத்துக்கொள்கின்றன. தோலுக்கு அடியில் இருக்கும் கறுப்பு, வெளியிலிருந்து பார்க்கும்போது நீலமும் பச்சையும் கலந்த நிறமாகத் தெரிகிறது. பச்சை ஆயுளுக்கும் நிற்பதற்குக் காரணமும் அந்த அணுக்கள்தான்.

ஜப்பானியப் பச்சைக்கும் மூலப்பொருள் கரிதான். 'சுமி' என்ற அவர்களது எழுத்து மையை நாரா நகரத்தில் செய்யும் பழைய முறை நம்மை வியக்க வைக்கும். எண்ணெய் விளக்கை ஏற்றி, மேலே மண் மூடியைக் கவிழ்த்து, படியும் புகைக்கரியைச் சேர்த்துப் பசையில் பிசைகிறார்கள். கருவியும் நம்முடையதற்குத் தூரத்து உறவுதான். மூங்கில் அல்லது உலோகக் கோலின் நுனியில் ஊசிக் கற்றையைக் கட்டி, இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, வலது கையால் தள்ளித் தள்ளிக் குத்துவது அவர்கள் மரபு. இதற்கு 'தெபோரி' என்று பெயர். ஒரு முழு முதுகை முடிக்க ஆண்டுக்கணக்கில் ஆகும்.

தோளில் சங்கும் சக்கரமும்

காஞ்சி வட்டாரத்தில் உடலில் அடையாளம் பெறுவதற்கு இன்னொரு மரபும் உண்டு. வைணவர்களின் ஐந்து சடங்குகளில் முதலாவது, சூடேற்றிய உலோக முத்திரையால் வலத் தோளில் சக்கரமும் இடத் தோளில் சங்கும் பொறித்துக்கொள்வது. இதில் ஊசியும் கிடையாது, மையும் கிடையாது. காஞ்சியிலிருந்து புறப்பட்ட ராமானுஜருக்கு அவரது ஆசாரியர் பெரிய நம்பி மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கோயிலில், மகிழ மரத்தடியில், இந்த முத்திரையைப் பொறித்தார் என்கிறது குருபரம்பரை. பெரியாழ்வாரின் திருப்பல்லாண்டிலும் இந்தச் சக்கரப் பொறி பேசப்படுகிறது. இன்றும் வைணவக் குடும்பங்களில் இது நடக்கிறது.

ஒரே ஊரில், தோளில் சக்கரம் பொறித்தவருக்கு மரியாதை கிடைத்தது. கையில் கோலம் குத்தியவரோ 'பட்டிக்காடு' என்று பெயர் வாங்கினார். உடலில் இருக்கும் அடையாளத்துக்கு என்ன மதிப்பு என்பதை அதைத் தருபவரின் சமூக நிலையே தீர்மானித்திருக்கிறது.

தண்டனையிலிருந்து ஓவியத்துக்கு

ஜப்பானியர் உடலில் பச்சை குத்திக்கொள்வதை 3-ஆம் நூற்றாண்டுச் சீன நூலே குறித்திருக்கிறது. மீனும் சிப்பியும் பிடிக்கக் கடலில் மூழ்குபவர்கள், பெரிய மீன்கள் அண்டாமல் இருக்க அதைக் குத்திக்கொண்டதாக அந்த நூல் சொல்கிறது. 1720-இல் ஷோகன் என்ற ராணுவத் தலைவரின் ஆட்சி, மூக்கையும் காதையும் அறுக்கும் தண்டனைக்குப் பதிலாகத் திருடர்களுக்குப் பச்சை குத்த ஆரம்பித்தது. எடோ (இன்றைய டோக்கியோ) நகரில் முன்கையில் வளையமாகக் கோடு போட்டார்கள். வேறு சில ஊர்களில் நெற்றியிலும் குத்தினார்கள்.

நம் நாட்டிலும் இது நடந்தது. 1797 முதல் வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி, ஆயுள் கைதிகளின் நெற்றியில் பெயரையும் குற்றத்தையும் பச்சை குத்தியது. 1849-இல்தான் அது நின்றது.

ஜப்பானில் அந்த அவமானத்தை ஓவியமாக மாற்றியது ஒரு கதைப் புத்தகம். 'நீர்க்கரை' என்ற சீன நாவலின் 108 வீரர்களில் பலரை, 1827 முதல் ஓவியர் உடகாவா குனியோஷி மர அச்சுப் படங்களாக வெளியிட்டார். அவரது வீரர்களின் உடலில் டிராகனும் சிங்கமும் நிறைந்திருந்தன. எடோவின் தீயணைப்பு வீரர்கள், தச்சர்கள், தபால் ஓட்டக்காரர்கள் அதே படங்களைத் தங்கள் முதுகில் ஏற்றிக்கொண்டார்கள். தண்ணீருக்கு அதிபதியான டிராகன் தீயிலிருந்து காக்கும் என்பது தீயணைப்பாளர் நம்பிக்கை. முந்தானையையும் கரையையும் உடலையும் ஒரே திட்டத்தில் யோசிக்கும் காஞ்சிப் பட்டு நெசவாளரைப் போல, ஜப்பானியப் பச்சைக் கலைஞரும் முதுகு, தோள், தொடை அனைத்தையும் ஒரே படமாகவே திட்டமிடுகிறார்.

சட்டம் செய்த வேலை

1872-இல் மெய்ஜி அரசு ஜப்பானில் பச்சை குத்துவதைத் தடை செய்தது. வெளிநாட்டார் தங்களைக் காட்டுமிராண்டிகளாக நினைப்பார்களே என்ற கவலைதான் காரணம். ஆனால் அந்த வெளிநாட்டு இளவரசர்களே தேடிவந்து குத்திக்கொண்டார்கள். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவர் 1881-இல் ஜப்பானில் தம் கையில் டிராகன் குத்திக்கொண்டார். தடையால் உள்ளூர்க்காரர் மறைந்து குத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்படி மறைவாகப் போன கலை யாகுசா என்ற குற்றக் கும்பல்களின் அடையாளமாக ஒட்டிக்கொண்டது. 1948-இல் தடை நீங்கியும் கறை போகவில்லை. வெந்நீர்க் குளியல் விடுதிகள் பல இன்றும் பச்சை குத்தியவர்களை உள்ளே விடுவதில்லை. மருத்துவர் உரிமம் இல்லாமல் பச்சை குத்துவது குற்றமல்ல என்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் 2020 செப்டம்பரில்தான் தெளிவாகச் சொன்னது.

நம் பக்கம் ஆங்கிலேயர் பச்சையைத் தடை செய்யவில்லை, பச்சை குத்தியவர்களையே குற்றவாளிகளாக்கினார்கள். 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. குறவர் பிரிவுகள் பல அதன் பட்டியலில் ஏறின. பட்டியலில் உள்ளவர்கள் பெயரைப் பதிய வேண்டும், காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும், ஊர் விட்டு ஊர் போக அனுமதி வாங்க வேண்டும். ஊர் ஊராக நடந்து பச்சை குத்திப் பிழைத்த பெண்களுக்கு அந்த நடையே தொழிலின் முதல். சென்னை மாகாணம் இந்தச் சட்டத்தை 1947-இல் கைவிட்டது. நாடு முழுதும் அது 1952-இல் ஒழிந்தது. சந்தேகப் பார்வை மட்டும் சட்டத்தோடு போகவில்லை.

ஒகினாவாவின் பாட்டிமார்கள்

ஜப்பானில் நம் பாட்டிமார்களுக்கு நேரான உறவு டிராகன் முதுகுக்காரர்கள் அல்ல, ஒகினாவா தீவுப் பெண்கள்தான். அங்கே பெண்களுக்குப் பெண்களே விரலிலும் புறங்கையிலும் மணிக்கட்டிலும் கருநீலப் புள்ளிகளும் வடிவங்களும் குத்தினார்கள். 'ஹஜிச்சி' என்று அதற்குப் பெயர். அது பெண் வளர்ந்துவிட்டாள் என்பதற்கு அடையாளம், அழகு, மறுமைக்குத் துணை. இங்கேயும் கிராமத்தில் சொல்வதுண்டு: கடைசியில் நகை நட்டு எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள், கூட வருவது பச்சை மட்டும்தான். 1899-இல் ஜப்பான் அரசு ஹஜிச்சியைத் தடை செய்தது. குத்தியிருந்த பெண்கள் கையை மறைத்து வாழ்ந்தார்கள்.

தடை வந்து 120 ஆண்டு ஆன 2019-இல், அதே ஒகினாவாவில் ஹஜிச்சி வடிவங்களை மக்கள் முன் வைத்துக் கண்காட்சி நடந்தது. கடைசிப் பாட்டிமார்கள் போய்ச் சேர்ந்தபின்பும் வடிவங்கள் பிழைத்திருக்கின்றன. காரணம், உயிரோடு இருந்தபோதே அவர்கள் கையைப் பார்த்து வரைந்து வைத்தார்கள்.

இப்போது செய்ய வேண்டியது

தமிழ்நாட்டில் பச்சை முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. 1970-களில் எம்.ஜி.ஆர். கட்சி அடையாளத்தைப் பச்சை குத்திக்கொள்ளத் தொண்டர்களைக் கேட்டார். இன்று தெருவுக்குத் தெரு டாட்டூ கடை இருக்கிறது. புதிதாகக் குத்திக்கொள்பவர்கள், பிரிக்காத புது ஊசியைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்ல வேண்டும். பழைய ஊசி மஞ்சள் காமாலைக் கிருமியையும் எச்.ஐ.வி.யையும் கடத்தும். இதனால்தான் பச்சை குத்தியவர்கள் ஓராண்டு வரை ரத்ததானம் செய்ய முடியாது.

பழைய கோலங்களுக்குத்தான் இன்று ஆபத்து. குத்தியவர்களும் குத்திக்கொண்டவர்களும் எழுபதைக் கடந்துவிட்டார்கள். வீட்டில் பச்சை குத்திய பாட்டி இருந்தால், அவர் சம்மதத்தோடு கையைப் படம் எடுத்து வையுங்கள். எந்த ஊரில், எந்த வயதில், யார் குத்தினார், அந்தக் கோலத்துக்கு என்ன பெயர், கூலி அரிசியா காசா என்று கேட்டு எழுதுங்கள். தர்ஸ்டன் இருந்த எழும்பூர் அருங்காட்சியகம் இந்தப் பதிவுகளை வாங்கிச் சேர்க்க வேண்டும். அவற்றோடு, ஊசி பிடித்த குறவர் பெண்களின் வாய்மொழியும் அவர்கள் பெயரிலேயே சேர வேண்டும். குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டவர்களைக் கலைஞர்கள் என்று பதிவு செய்வது நாம் தீர்க்க வேண்டிய கடன்.