விடியலுக்கு முன் – 9: முதலில் பேசுவது யார்?

சென்ற வாரம் ஜெபத்தில் மனம் அலைவதைப் பற்றி எழுதியிருந்தேன். முழங்காலில் நின்று கண்ணை மூடியதும் கேஸ் தீரப்போகிற நினைவு வரும். பிள்ளையின் பரீட்சைக் கட்டணம் வரும். நேற்று ஒருவர் சொன்ன சுடுசொல் வரும். கால்மணி நேரம் கழித்து எழுந்தால், ஆண்டவரோடு பேசியது இரண்டு வாக்கியம்கூட இருக்காது. பல வருஷம் என் அனுபவமும் இதுதான். என் விசுவாசமே பொய்யோ என்று அழுத நாட்கள் உண்டு. அந்த இடத்திலிருந்து என்னைக் கைகொடுத்துத் தூக்கியவர்களில் ஒருவர் ஜார்ஜ் முல்லர்.

நம் சபைகளில் முல்லர் பெயரைக் கேளாதவர்கள் குறைவு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், மனிதர் எவரிடமும் பணம் கேட்காமல், ஜெபத்தில் மட்டுமே கேட்டு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அநாதைப் பிள்ளைகளை வளர்த்தவர். ஆஷ்லி டவுன் மேட்டில் அவர் கட்டிய ஐந்து பெரிய இல்லங்களில் ஒரே நேரத்தில் 2,050 பிள்ளைகள் தங்க இடம் இருந்தது. பிரசங்கத்தில் இந்தக் கதை வரும்போதெல்லாம் எனக்குத் தைரியத்தைவிடச் சோர்வுதான் வந்தது. இப்படிப்பட்டவருக்கு ஜெபம் மூச்சு விடுவதுபோல வந்திருக்கும், நமக்கெங்கே வரப்போகிறது என்ற சோர்வு. பிறகுதான், தம் நாட்குறிப்புகளிலிருந்து அவரே தொகுத்து வெளியிட்ட புத்தகத்தைப் படித்தேன். 1841-ஆம் ஆண்டு மே மாதக் குறிப்பு ஒன்றுக்கு வந்ததும் அதற்குமேல் பக்கம் புரளவில்லை.

அதைச் சொல்லுமுன் அவர் எங்கிருந்து வந்தவர் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1805-இல் பிரஷ்யாவில் பிறந்தவர். தகப்பனார் அரசுக்கு வரி வசூலிக்கும் அதிகாரி. அந்தப் பணத்திலேயே கை வைத்த மகன் இவர். பதினாறு வயதில் விடுதிகளில் தங்கிவிட்டுப் பணம் கொடுக்க முடியாமல் சிறைக்குப் போனார். பிற்பாடு ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் படிக்கச் சேர்ந்தார். அதற்கு முந்திய பள்ளி நாட்களிலேயே அவரிடம் சொந்தமாக ஏறக்குறைய 300 புத்தகங்கள் இருந்தன. வேதாகமம் இல்லை. 1825 நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, நண்பர் ஒருவர் அவரை ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு அழைத்துப் போனார். ஒரு மனிதர் முழங்காலிட்டு ஜெபிப்பதை அவர் முதன்முதலாகக் கண்டது அங்கேதான். அன்று அவர் வாழ்க்கை திரும்பியது.

ஹாலே என்ற பெயரைத் தமிழ்க் கிறிஸ்தவர் யாரும் அப்படியே கடந்துபோகக் கூடாது. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கிய மிஷனரி சீகன்பால்க் படித்த ஊர் அது. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட எழுத்துகளை வார்த்து அனுப்பியதும் அந்த ஊர்தான். அங்கே பிராங்கே நடத்திய அநாதை இல்லத்தின் அரவணைப்பில்தான் தரங்கம்பாடி ஊழியமே வளர்ந்தது. நூறு வருஷம் கழித்து, வசதியற்ற மாணவராக முல்லர் அதே இல்லத்தில் இரண்டு மாதம் தங்கியிருக்கிறார். 1835-இல் பிராங்கேயின் வரலாற்றைப் படித்தபோதுதான் பிரிஸ்டலில் தாமும் ஓர் இல்லம் தொடங்க வேண்டும் என்ற பாரம் அவருக்கு உறுதிப்பட்டது. நம் கையில் தமிழ் வேதத்தைக் கொடுத்த ஊரும், வேதமே இல்லாத ஒரு மாணவரை முழங்காலில் நிறுத்திய ஊரும் ஒன்றுதான் என்று அறிந்த நாளில் எனக்கு உடல் சிலிர்த்தது.

இப்போது 1841. முல்லருக்கு வயது முப்பத்தைந்து. பிரிஸ்டலின் வில்சன் தெருவில் இல்லங்கள் தொடங்கி ஐந்து வருஷம் ஆகிறது. ஏறக்குறைய நூறு பிள்ளைகள். அடுத்த வேளை ரொட்டிக்கும் பாலுக்கும் காலையில் கையில் காசு இல்லாத நாட்கள் அடிக்கடி வந்த காலம் அது. ஜெபித்தே ஆகவேண்டிய நெருக்கடியில் இருந்த மனிதர், சில வாரங்கள் நெயில்ஸ்வொர்த் என்ற சிற்றூரில் தங்கியிருந்தபோது எழுதுகிறார்: பத்து வருஷத்துக்கும் மேலாக, காலையில் உடுத்தி முடித்ததும் நேரே ஜெபத்தில் இறங்குவதே அவர் வழக்கமாம். அப்படி இறங்கினால் முதல் பத்து நிமிஷம், கால்மணி, சில நாள் அரைமணிகூட மனம் அலைந்துகொண்டே இருக்குமாம். உள்ளத்தில் ஆறுதலோ தாழ்மையோ பிறப்பதற்குள் முழங்காலில் நெடுநேரம் போய்விடுமாம்.

இதை நான் நாலு முறை திரும்பப் படித்தேன். அரைமணி நேரம். முல்லருக்கு! என் கண்ணீர் அன்றைக்குத்தான் வேறு நிறம் கொண்டது. மனம் அலைவது விசுவாசம் இல்லாததற்கு அடையாளம் அல்ல என்று யாரும் எனக்கு அதுவரை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லவில்லை.

அவர் அலைச்சலோடு போராடவில்லை. வரிசையை மாற்றினார், அவ்வளவுதான். முதலில் ஜெபம், பிறகு வாசிப்பு என்று இருந்ததை முதலில் வாசிப்பு என்று ஆக்கினார். புதிய ஏற்பாட்டை ஆரம்பத்திலிருந்து எடுத்துக்கொண்டார். இந்த வார்த்தையை ஆசீர்வதியும் என்று ஒரு சிறு விண்ணப்பம். பிறகு ஒவ்வொரு வசனமாக நின்று, இதில் என் ஆத்துமாவுக்கு என்ன ஆகாரம் இருக்கிறது என்று தேடினார். உடல்நலத்துக்காகக் காலையில் நடக்கும் பழக்கமும் அவருக்கு இருந்தது. கொட்டை எழுத்துப் புதிய ஏற்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வயல்வெளியில் நடந்தபடியே வாசித்தார், தியானித்தார். சில நிமிஷங்களில், ஜெபிக்க வேண்டும் என்று முயலாமலே, ஒரு வசனம் பாவ அறிக்கையாகவும் அடுத்தது ஸ்தோத்திரமாகவும் இன்னொன்று பிறருக்கான மன்றாட்டாகவும் மாறியது. ஜெபம் முடிந்த இடத்திலிருந்து அடுத்த வசனத்துக்குப் போவார். அதுவும் ஜெபமாகும்.

அந்தக் குறிப்பில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. இந்த வேளையில் அவர் பிரசங்கத்துக்காகத் தேடவில்லை, தமக்காகத்தான் தேடினார். ஓய்வுநாள் பள்ளியில் கற்றுக்கொடுப்பவர்களும், பெண்கள் ஐக்கியத்தில் செய்தி கொடுப்பவர்களும், ஆயர்களும் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று அன்போடு கேட்கிறேன். பிறருக்குப் பரிமாறுவதற்காகவே நாம் சட்டியைத் திறக்கிறோம். பந்தி முடியும்வரை நம் இலையில் ஒரு பருக்கையும் விழுவதில்லை. ஒரு வசனத்தைக் கண்டதும் இது யாருக்கு உதவும் என்று மனம் ஓடுகிறதே, அந்த ஓட்டத்தை நிறுத்தி இது எனக்கு என்று சொல்ல எனக்கு நெடுநாள் பிடித்தது.

தியானம் என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணை மூடி அசையாமல் அமர்ந்திருப்பதுதான் நம் நினைவுக்கு வருகிறது. முதலாம் சங்கீதத்தில், நீர்க்கால் ஓரத்து மரத்தோடு ஒப்பிடப்படும் மனிதர் இரவும் பகலும் தியானிக்கிறார் அல்லவா, அங்கே எபிரெயத்தில் உள்ள வினைச்சொல் ஹாகா. வாய்க்குள் முணுமுணுப்பது, மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருப்பது என்று அதற்குப் பொருள். யோசுவாவுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளையிலும் அதே சொல்தான். ஏசாயாவின் புத்தகத்தில் இரையின்மேல் நின்று உறுமும் சிங்கத்துக்கும் இதே சொல் வருகிறது. எசேக்கியா ராஜா நோயில் கிடந்து புறாவைப்போல் முனகியதைச் சொல்லும் இடத்திலும் அதுவே. தமிழில் இவற்றுக்கு வேறு வேறு சொற்கள் வந்துவிட்டதால் இந்த உறவு நம் கண்ணுக்குப் படுவதில்லை. இரையை விட மனமில்லாத உறுமல், நோயாளியின் முனகல், வேத தியானம் மூன்றுக்கும் ஒரே சொல்!

இதைப் புத்தகத்தில் படித்தபோது எங்கள் ஆச்சி நினைவுக்கு வந்தார்கள். கோழி கூவுமுன் எழுந்து, அடுப்படித் திண்ணையில் விளக்கை வைத்துக்கொண்டு, விரலை வரிமேல் ஓட்டி ஓட்டி வாசிப்பார்கள். மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு. ஒரு வரியைப் பிடித்தால் அதையே ஐந்தாறு முறை முணுமுணுப்பார்கள். படுக்கையில் கிடந்தபடி நான் சலித்துக்கொள்வேன்.

“மனசுக்குள்ளயே படிக்கக் கூடாதா ஆச்சி?”

“என் காதுக்கும் கேக்கணும்லா” என்பார்கள்.

பிறகு முறம் எடுக்கும்போதும் வாசல் தெளிக்கும்போதும் அதே வரி உதட்டில் ஓடிக்கொண்டிருக்கும். மாடு மேய்ந்து வந்து நிழலில் படுத்து அசைபோடுவதுபோல. ஆச்சிக்கு எபிரெயம் தெரியாது. ஆனால் அந்தச் சங்கீதம் சொன்னதை அவர்கள் அப்படியே செய்துகொண்டிருந்தார்கள்.

எனக்கு இது எப்படி வேலை செய்தது என்று ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். அப்பா மருத்துவமனையில் கிடந்த நாட்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நாற்காலியில் இரவுகள். குணமாக்கும், குணமாக்கும் என்பதற்குமேல் ஜெபத்தில் வார்த்தை வரவில்லை. அதுவும் சில மணி நேரத்தில் வறண்டுபோனது. அப்போது மாற்கு நாலாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை எடுத்தேன். கடலில் புயல், படகில் தண்ணீர், பின்புறத்தில் இயேசு தூங்குகிறார். அவர் தலைக்கு ஒரு தலையணை இருந்தது என்று மாற்கு மட்டும் எழுதியிருக்கிறார். மத்தேயுவிலும் லூக்காவிலும் அது இல்லை. எத்தனையோ முறை வாசித்த பகுதி, அந்தத் தலையணையை நான் பார்த்ததே இல்லை. அன்றிரவு அதைவிட்டு நகர முடியவில்லை. தலையணை, தலையணை என்று உதடு முணுமுணுத்தது.

முதலில் வந்தது கோபம். உமக்குத் தூக்கம் வருகிறதா என்று கேட்டேன். சீஷர்கள் கேட்டதும் ஏறக்குறைய அதுதான். எனக்கு முன்பே இதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள், அவர் அவர்களைப் படகிலிருந்து இறக்கிவிடவில்லை என்று கண்டபோது கோபம் அறிக்கையாக மாறியது. பிறகு, நாள் முழுவதும் ஜனங்களுக்குப் போதித்துக் களைத்த ஓர் உடல் அது என்று தோன்றியது. களைப்பு என்னவென்று அறிந்த ஆண்டவர். எதிர் நாற்காலியில் தலை சாய்க்க இடமில்லாமல் உறங்கிக்கொண்டிருந்த, பெயர் தெரியாத ஒரு தாய்க்காக ஜெபித்தேன். இரவுப் பணியில் இருந்த செவிலியருக்காக ஜெபித்தேன். அப்பாவுக்காகவும் ஜெபித்தேன், ஆனால் அது கடைசியாக வந்தது, பதற்றமில்லாமல் வந்தது. கடிகாரத்தைப் பார்த்தபோது முக்கால்மணி நேரம் போயிருந்தது. என் மனம் ஒருமுறைகூட அலையவில்லை.

அப்பா அந்த மாதமே போய்விட்டார். ஜெபம் கேட்கப்பட்டதா என்று உறவினர்கள் கேட்டார்கள். அந்த இரவை நான் அவர்களுக்கு எப்படி விளக்குவது?

எல்லா நாளும் அப்படி இருக்காது. வசனம் கல்லாகவே கிடக்கும் காலைகள் உண்டு, வாரக்கணக்கில்கூட. அதற்காக வழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். மரம் வேர்விடுவதை யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. 1841-க்குப் பிறகு முல்லர் ஐம்பத்தாறு வருஷத்துக்கும் மேல் உயிரோடு இருந்தார். 1898 மார்ச் 9 மாலையில், தொண்ணூற்றிரண்டு வயதில், வழக்கமான ஜெபக்கூட்டத்தை நடத்திவிட்டுப் படுக்கப் போனார். மறுநாள் காலை ஏழு மணிக்குத் தேநீர் கொண்டுபோனவர்கள், கட்டிலருகே அவர் இறந்து கிடப்பதைக் கண்டார்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை அதிகாரம் வாசிக்க வேண்டும் என்று பலர் கேட்கிறீர்கள். வருஷத்துக்கு ஒருமுறை முழு வேதத்தையும் வாசிப்பது நல்லதுதான், அதை விட்டுவிடாதீர்கள். அதை வேறொரு வேளையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் காலையில் மட்டும் மாற்கு நாலாம் அதிகாரத்தில், 35-ஆம் வசனத்திலிருந்து கடைசி வரை இருப்போம். ஏழே வசனம். சத்தமாக, உங்கள் காதுக்குக் கேட்கும்படி வாசியுங்கள். புயல் அடங்கிய பிறகு சீஷர்களுக்கு வந்த பயத்தைப் பற்றி அடுத்த வாரம் பேசுவோம்.

(தொடரும்)