இளங் கோல் காப்பாளரை எப்போது உயர்த்துவது?

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் தமிழ்க் குரல் கேளாத நாளில்லை. அந்நகரை நம்மவர் பத்மநாபசுவாமி கோயிலுக்காகவும் வாணிகத்துக்காகவும் அறிவர். அங்கே ஜி. வி. ராஜாவின் பெயரால் விளையாட்டுப் பள்ளி ஒன்று நடைபெறுவதை அறிந்தோர் சிலரே. எர்ணாகுளம் மாவட்டத்துக் கிழக்கம்பலத்திலிருந்து 12 வயதுச் சிறுவன் ஒருவன் வீட்டைப் பிரிந்து இப்பள்ளியின் விடுதியில் வந்து சேர்ந்தான். ஓட்டத்திலும் தாண்டுதலிலும் பழகிய அவனை ஆசிரியர்கள் ஹாக்கியில் கோல் காப்பாளனாக்கினர். காப்புக் கவசங்கள் வாங்குவதற்காக உழவரான தந்தை பசுவை விற்றார். பிள்ளையை அயலூருக்கு அனுப்பிய பெற்றோருக்கு அப்பசுவின் விலை இன்னதென்று நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அச்சிறுவனே பி. ஆர். ஸ்ரீஜேஷ்.

2006 இல், 18 ஆம் வயதில், கொழும்பில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளில் அவர் இந்தியாவின் மூத்தோர் அணியில் இடம்பெற்றார். எனினும் அணியில் நிலைபெற்றது 2011 அளவில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் ஏட்ரியன் டிசூசா, பரத் சேத்ரி என்னும் மூத்தவர்களே பெரும்பாலும் கோலைக் காத்தனர்.

இத்தாமதம் நன்மையா, தீமையா?

முன்னணி ஆட்டக்காரரைச் சில நிமிடங்கள் ஆட விட்டுத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். அவர் தவறினாலும் பின்னால் பலர் உளர். கோல் காப்பாளர் ஒருவரே. 12 அடி அகலமும் 7 அடி உயரமும் உள்ள வாயிலில் அவர் செய்யும் பிழை அக்கணமே எதிரணியின் கணக்கில் ஏறிவிடும். எம்மைப் போன்ற மொழிபெயர்ப்பாளரின் பிழையோ அச்சேறுமுன் மேலதிகாரியின் சிவப்பு மையில் கரைந்துவிடும்! ஆதலின் பயிற்சியாளர் அஞ்சுவது இயல்பே. ஆனால் அவ்வச்சத்தால் இளைஞரை ஓரத்து ஆசனத்தில் இருத்திவைப்பதும் பிழையாகும். பந்தை மறிக்கும் விரைவைப் பயிற்சியில் பெறலாம். தற்காப்பாளரைக் குரல் கொடுத்து நிறுத்துவதும், ஒரு கோல் விழுந்த பின் மனம் தளராதிருப்பதும் மெய்யான ஆட்டத்தில் மட்டுமே கைவரும்.

ஸ்ரீஜேஷுக்கு இளையோர் போட்டிகள் அவ்வாட்டங்களை அளித்தன. 2008 இல் இந்தியா வென்ற இளையோர் ஆசியக் கோப்பையில் சிறந்த கோல் காப்பாளர் விருது அவருக்குக் கிடைத்தது. எம் கருத்தில், அவரை முழுமையாக உயர்த்தியிருக்க வேண்டிய பருவம் அதுவே. 2011 இல் சீனாவின் ஓர்டோசில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியாட்டத்தில் பாகிஸ்தானின் இரு பெனால்டி ஸ்ட்ரோக்குகளை அவர் தடுத்தார். அதன் பின்னும் இடர் இல்லாமற் போகவில்லை: 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா 12 ஆம் இடத்தில், அதாவது கடைசியில், நின்றது. அத்தோல்விக்குப் பின் இளைஞர் என்று ஒதுக்காமல் அவரையே நம்பியது அணிக்கு நலமாய் முடிந்தது. டோக்கியோவில் 2021 இல் ஜெர்மனிக்கு எதிராக இறுதி நொடிகளில் பெனால்டி கார்னரைத் தடுத்து வெண்கலம் பெற்றுத் தந்தார். 2024 இல் பாரிசிலும் வெண்கலம் வென்று விடைபெற்றார்.

அவர் நிலைத்ததனால் அடுத்தவர் காத்திருக்க நேர்ந்தது. ஒலிம்பிக்கில் அணிக்கு 16 பேரே. அதில் இரண்டாவது காப்பாளருக்கு இடமளிப்பது அரிது. டோக்கியோவிலும் பாரிசிலும் கிருஷன் பகதூர் பாடக் மாற்றாளராகவே இருந்தார். ஆயினும் 2023 இல் பயிற்சியாளர் கிரெய்க் ஃபுல்டன் ஒரே ஆட்டத்தின் கால்பகுதிகளை இருவருக்கும் பங்கிட்டளித்தார். மூத்தவர் அருகிலிருக்கும்போதே இளையவருக்குப் பொறுப்பளிக்கும் இம்முறை எமக்கு மிகவும் உகந்ததாகத் தோன்றுகிறது.

ஓய்வுக்குப் பின் ஸ்ரீஜேஷ் இளையோர் அணியின் பயிற்சியாளரானார். 2025 டிசம்பரில் சென்னையில் அவ்வணி உலகக் கோப்பை வெண்கலம் வென்றது. காலிறுதியில் பெல்ஜியத்துக்கு எதிராக ஷூட் அவுட்டில் கோலைக் காத்தவர் பிரின்ஸ்தீப் சிங் என்னும் இளைஞர். அவரை எப்போது உயர்த்துவது என்னும் வினா அன்று மாலையே எழுந்தது; இம்முறை அதனை எதிர்கொண்டவர்களுள் முன்பு காத்திருந்த ஒருவரும் இருந்தார்.