பழைய துப்பாக்கியை விலை மதிப்பது எப்படி?

ஒரு மழைக்காலம் உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்த தராசுத் தட்டு என்ன ஆகும் என்பதை மரக்காணம் வட்டார வணிகர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே உப்பங்காற்றில்தான் சில வணிகர் வீட்டு பீரோக்களில் பழைய 12 போர் ரெட்டைக்குழல் துப்பாக்கியும் இருக்கிறது. கடைக்காவலுக்காகத் தகப்பனார் காலத்தில் லைசென்ஸ் பெற்று வாங்கியதாக இருக்கலாம். அதை விற்க நினைப்பவரும், வாங்க நினைப்பவரும் பணம் பேசும் முன் அறிய வேண்டியவை சில உண்டு.

முதலில் காகிதம்

லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு விலையே கிடையாது. வழக்கு மட்டுமே உண்டு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தத்தின்படி, லைசென்ஸின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் 2 ஆண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை. ஒருவர் 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்பதும் அதே திருத்தம்தான்.

லைசென்ஸ்தாரர் காலமானால், வாரிசுகள் “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று பரணில் போட்டு வைப்பது பெருந்தவறு. தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். விற்பனையோ பெயர் மாற்றமோ அதன் பிறகே.

லைசென்ஸ்தாரர் ஒருவர் மற்றொரு லைசென்ஸ்தாரருக்கு நேரடியாக விற்பதானால், மாவட்ட ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவித்து 45 நாட்கள் கழிந்த பின்னரே கைமாற்றலாம். அதற்கு முன் முன்பணம் கொடுத்துப் பொருளை வீட்டுக்கு எடுத்து வருவது, மலிவாகக் கிடைத்தாலும் நஷ்டமே.

துப்பாக்கியில் பொறித்துள்ள எண்ணும் லைசென்ஸில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். எண் ராவப்பட்டிருந்தாலோ, குழல் வெட்டிக் குறைக்கப்பட்டிருந்தாலோ தொடவே வேண்டாம். அனுமதியின்றிக் குழலைக் குறைப்பது தனிக் குற்றம்.

பிறகு பொருள்

தோட்டா இல்லை என்பதை முதலில் உங்கள் கண்ணால் உறுதி செய்யுங்கள். “காலிதான்” என்ற வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

1. குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். கண்ணாடி போல் இருந்தால் நல்லது. மங்கலான படலம் சுத்தம் செய்தால் போகும். அம்மைத் தழும்பு போன்ற குழிகள் போகா. உள்ளே ஒரு வளையம் போல் நிழல் தெரிந்தால் குழல் அங்கே உப்பியிருக்கிறது. அது வெடிக்கக் கூடியது.

2. மூடிய நிலையில் காதருகே பிடித்து மெல்ல ஆட்டுங்கள். கடகடத்தால் பூட்டு தேய்ந்துள்ளது. குழலின் பின்புறம் ஒளிக்கீற்று தெரிந்தாலும் அப்படியே.

3. மரக்கட்டையின் கழுத்தில் கீறல் உண்டா, எண்ணெய் ஊறி மரம் கறுத்து மெதுவாகிவிட்டதா என்று பாருங்கள்.

4. திருகாணித் தலைகள் சிதைந்திருந்தால், தெரியாதவர் கைவைத்திருக்கிறார் என்று பொருள்.

5. புது நீலப்பூச்சு பளபளத்தால் மகிழ வேண்டாம். துருக்குழியின் மேல் பூச்சு ஏற்றியிருக்கலாம். விரல் நகத்தால் தடவினால் தெரியும்.

6. குழலின் மேல் நெளிநெளியாகக் கோலம் தெரிந்தால் அது பழைய டமாஸ்கஸ் குழல். கரும்மருந்துக் காலத்துப் பொருள். இன்றைய தோட்டாவுக்கு ஆகாது. தோட்டா அறை 65 மில்லிமீட்டரா, 70 மில்லிமீட்டரா என்பதையும் கேட்டறியுங்கள். சிறிய அறையில் நீளத் தோட்டா போடுவது ஆபத்து.

அரைத் தானியங்கி வகை

பெல்ஜியத்தில் தயாரான பிரௌனிங் ஆட்டோ-5 போன்றவை ஒருமுறை சுட்டதும் தாமே அடுத்த தோட்டாவை ஏற்றுபவை. இவை ஆயுத விதிகளில் தனிப் பிரிவு. சாதாரண 12 போர் லைசென்ஸ் இருப்பதாலேயே வாங்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம். அதிகாரியைக் கேட்ட பிறகே பேச்சு. ஆட்டோ-5இல் குழலே பின்னோக்கி நகர்ந்து திரும்புகிறது. உராய்வு வளையங்கள் தேய்ந்தாலோ தவறாகப் பொருத்தப்பட்டாலோ முன்கட்டை பிளக்கும். அந்த இடத்தைக் கவனியுங்கள்.

விலையும் பாதுகாப்பும்

பழைய இறக்குமதிப் பெயர்களுக்கு மதிப்பு அதிகம். இச்சாப்பூர் தொழிற்சாலைத் துப்பாக்கியிலோ பெயரை விட நிலைமையே விலையைத் தீர்மானிக்கும். லைசென்ஸ் உள்ளவர் மட்டுமே வாங்க முடியும் என்பதால் வாங்குவோர் குறைவு. விற்பவர் அவசரப்பட்டால் விலை சரியும். பழுதுச் செலவைக் கணக்கிட்டுக் கழித்தே பேசுங்கள். இறுதி முடிவுக்கு முன் லைசென்ஸ் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

நம் கடலோரத்தில் தோல் உறையிலோ கோணியிலோ துப்பாக்கியை வைக்காதீர்கள். அவை ஈரத்தைப் பிடித்து வைக்கும். தேங்காய் எண்ணெய் பிசுக்காகும். மெல்லிய மெஷின் எண்ணெயே ஏற்றது. தேர்தல் காலத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் முன் எண்ணெயிட்டுக் கொடுங்கள். திரும்ப வந்த அன்றே துடைத்து வையுங்கள்.

சரக்கை முகர்ந்தே தரம் சொல்லும் நாம், இதிலும் கண்ணையும் காகிதத்தையும் நம்பினால் ஏமாற மாட்டோம்.