மேகம் தங்கும் சோலையில் பறவைகள்

சோலை என்னும் சொல் நமக்குப் புதியதன்று. மரம் அடர்ந்து நிழல் செறிந்த இடம் எதுவாயினும் சோலை என்கிறோம். ஆனால் நீலகிரி, ஆனைமலை, பழனி மலை ஆகியவற்றின் உச்சிகளில் அச்சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. ஏறத்தாழ 5,000 அடிக்கு மேல், மலையின் மடிப்புகளில், ஓடைகளை ஒட்டிப் புல்வெளிகளுக்கு நடுவே ஒதுங்கி நிற்கும் காட்டையே அங்கே சோலை என்பர். மரங்கள் உயரமாக வளர்வதில்லை. கிளைகள் முறுகி, பாசி போர்த்து நிற்கும். மேகம் இறங்கி வந்து அவற்றினிடையே தங்கும்.

சென்ற சித்திரையில் கோத்தகிரியை அடுத்த லாங்வுட் சோலையைக் காணச் சென்றிருந்தேன். என் பழைய மாணவர் ஒருவர் அவ்வூரில் ஆசிரியராக இருக்கிறார். வனத்துறையின் அனுமதி பெற்று வைத்திருந்தவர் அவரே. பொழுது புலருமுன் இருவரும் உள்ளே நுழைந்தோம்.

வேடந்தாங்கலில் பறவை பார்த்துப் பழகியவர்களுக்கு இவ்விடம் பெரும் ஏமாற்றத்தையே தரும். அங்கே ஏரிக்கரையில் நின்றால் போதும். ஆயிரக்கணக்கில் கண்முன் இருக்கும். இங்கோ பத்தடிக்கு அப்பால் வெண்மையைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. தொலைநோக்கியின் கண்ணாடியில் ஈரம் படர்ந்துவிடும். துடைத்து முடிப்பதற்குள் பறவை போய்விடும். கால்சட்டைக்குள் அட்டை ஏறுவதைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. ஆகவே மேகக் காட்டில் முதலில் செவியால்தான் காண வேண்டும். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். "ஐயா, சற்றுப் பேசாமல் இருங்கள்" என்றார் என் மாணவர். வகுப்பில் ஓயாமல் பேசியதற்காக நான் பலமுறை பெஞ்சின்மேல் நிறுத்திய பிள்ளை அவர்!

பேசாதிருந்தபோதுதான் சொட்டும் ஒலி கேட்டது. அன்று மழை இல்லை. மூடுபனியின் நுண்துளிகள் இலையிலும் பாசியிலும் படிந்து, ஒன்று சேர்ந்து, கனத்து விழுகின்றன. கீழே பல்லாண்டு மக்கிய இலைப்படுகை அந்நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் சிறுகச் சிறுக ஓடைக்கு விடுகிறது. 116 ஹெக்டேர் அளவேயுள்ள இச்சோலை ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த செய்தி 2024 சனவரியில் வெளியாயிற்று. காட்டை ஈரநிலம் என்பது எங்ஙனம் பொருந்தும் என்று எனக்கும் ஐயம் இருந்தது. அங்கே நின்ற அரைமணி நேரத்தில் என் சட்டையே விடை கூறிற்று.

திடீரெனப் புதருக்குள் பலர் கூடி நகைப்பதுபோல் ஓர் ஆரவாரம் எழுந்தது. அது நீலகிரிச் சிரிப்பான். வெண்புருவமும் செம்பழுப்பு வயிறும் உடைய இப்பறவை கூட்டமாகவே இரை தேடும். அதன் குரலுக்குச் சோலையே விழித்துக்கொண்டது.

நான் காண விரும்பியதோ வேறொன்று. ஆங்கிலத்தில் அதனை 'நீலகிரி ஷோலகிளி' என்கின்றனர். பெயரைக் கேட்டுப் பச்சைக்கிளியைத் தேட வேண்டா. மலையாளத்தில் கிளி என்றால் பொதுவாகப் பறவை. வி. வி. ராபின் முதலிய ஆய்வாளர்கள் மரபணுக்களை ஆராய்ந்து, 2017ஆம் ஆண்டில் இதற்குப் புதுப் பேரினம் வகுத்து 'ஷோலிகோலா' என்று பெயரிட்டனர். சோலையில் வாழ்வது என்பது பொருள். நம் சொல்லொன்று இலத்தீன் உடை தரித்து உலக அறிஞர் ஏட்டில் ஏறியிருக்கிறது. தமிழாசிரியர்கள் இதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இப்பறவை தரையையொட்டிய புதரிலேயே வாழ்வது. வெட்டவெளியில் நெடுந்தூரம் பறக்கும் வழக்கம் இதற்கில்லை. பாலக்காட்டுக் கணவாய் நம் புகைவண்டிக்கு ஒரு மணி நேரப் பயணந்தான். இதற்கோ அது கடல். வெப்பமான அத்தாழ்நிலத்தைக் கடவாமல் நெடுங்காலம் பிரிந்திருந்தமையால், வடக்கே நீலகிரியில் ஓர் இனமும் தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் வெண்வயிறுடைய மற்றோர் இனமும் ஆயின. இயற்கை வகுத்த அப்பிரிவுக்கு மேல் நாமும் சில பிரிவுகளை உண்டாக்கியிருக்கிறோம். 19ஆம் நூற்றாண்டு முதல் தேயிலையும் கற்பூர மரமும் சீகை மரமும் மலையெங்கும் பரவின. சோலைகள் துண்டு துண்டாயின. லாங்வுட்டைச் சுற்றிலும் தேயிலையும் வீடுகளுமே காணப்படுகின்றன. இங்குள்ள பறவைக்கு இந்த 116 ஹெக்டேரே உலகம்.

முதல்நாள் அது அகப்படவில்லை. மறுநாள் ஓடைக்கரையில் ஒரு சீழ்க்கை கேட்டது. கருநீல மேனி, செம்பழுப்பு விலாப்புறம், நெடிய கால்கள். மக்கிய இலையைப் புரட்டிற்று. எங்களை ஒருமுறை நோக்கிற்று. பத்து எண்ணுவதற்குள் மறைந்தது. சாமான்யமான சிறு பறவைதான். எனினும் என் கை நடுங்கிற்று.

திரும்பும் வழியில் மாணவர் மீண்டும் நின்றார். "கருஞ்செம்மை ஈப்பிடிப்பான் பாடுகிறது, ஐயா" என்றார். அதன் பாட்டு பூச்சியின் ரீங்காரம் போன்று மிக மெல்லியது. நான் காதைச் சாய்த்து நின்றேன். சொட்டுநீரைத் தவிர எனக்கு எதுவும் கேட்கவில்லை. அறுபதைக் கடந்தவர்களுக்கு உச்சமான ஒலிகள்தாம் முதலில் விடைபெறுகின்றன. அவர் ஒன்றும் கூறாமல் என் தோளைப் பற்றித் திருப்பி, கைக்கெட்டும் தொலைவிலிருந்த ஒரு கொம்பைக் காட்டினார். நெருப்புத் துண்டு ஒன்று அங்கே அலகைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.